கர்ப்ப காலத்தில் சி3, சி4 ரிப்போர்ட்: லூபஸ் உள்ளவர்கள் எப்படிப் பார்க்க வேண்டும்

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சி3, சி4 ரத்தப் பரிசோதனை தேவையில்லை. லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) இருப்பவர்களுக்கு, அதிலும் லூபஸால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, இது மிக அவசியம்.

காம்ப்ளிமென்ட் என்பது ரத்தத்தில் உள்ள 30க்கும் மேற்பட்ட எதிர்ப்புப் புரதங்களின் கூட்டம். சி3, சி4 அவற்றில் இரண்டு. பெரும்பாலும் கல்லீரலில் உருவாகிறது. கருவில் பாதி தகப்பன் வழி வந்தது என்பதால் தாயின் உடல் அதை அந்நியமாக எண்ணி காம்ப்ளிமென்டால் தாக்கக்கூடும். அதைத் தடுக்க நஞ்சுக்கொடியின் செல்கள் மீது சிடி46, சிடி55, சிடி59 ஆகிய காவல் புரதங்கள் இருக்கின்றன. லூபஸ் கிளம்பும்போது காம்ப்ளிமென்ட் வேகமாகச் செலவாகி, ரத்தத்தில் சி3, சி4 அளவு இறங்குகிறது.

பலரும் ஏமாறுவது இங்கேதான். கர்ப்பத்தில் கல்லீரல் இந்தப் புரதங்களைக் கூடுதலாகச் சுரப்பதால் சி3, சி4 இரண்டும் 10 முதல் 50 சதவீதம் வரை ஏறுவது இயல்பு. கர்ப்பத்துக்கு முன் சி3 100 இருந்தவருக்கு ஏழாம் மாதத்திலும் 100 என்று வந்தால், ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றுதான் இருக்கும். ஆனால் ஏற வேண்டியது ஏறவில்லை. டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். லேப் அச்சிடும் அளவு (பொதுவாக சி3 90–180, சி4 10–40 மில்லிகிராம்/டெசிலிட்டர்) கர்ப்பிணிகளுக்கென்று வகுத்ததல்ல. உங்கள் பழைய எண்தான் உங்களுக்கு அளவுகோல்.

எனவே கர்ப்பத்துக்கு முன்பு, முடியாவிட்டால் முதல் செக்கப்பிலேயே, ஒருமுறை எடுத்துவிடுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது, அதே லேபில். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் டாக்டர் இன்னும் அடிக்கடி கேட்பார். லேப் மாறினால் அலகைப் பாருங்கள்: கிராம்/லிட்டரில் 0.9 என்பதும் 90 என்பதும் ஒன்றே.

வெறும் வயிறு தேவையில்லை. காய்ச்சல், சளி இருக்கும்போது எடுக்காதீர்கள். தொற்று சி3யை ஏற்றி, உண்மையான இறக்கத்தை மறைத்துவிடும். கடலூர், சிதம்பரம் பக்கம் கலெக்‌ஷன் சென்டரில் கொடுக்கும் ரத்தம் வெளியூர் லேபுக்குப் போகுமானால், சீரம் இங்கேயே பிரிக்கப்படுகிறதா, ஐஸ் பெட்டியில் போகிறதா என்று கேளுங்கள். கத்திரி வெயிலில் இது முக்கியம். காம்ப்ளிமென்டின் மொத்தச் செயல்பாட்டை அளக்கும் சிஎச்50 பரிசோதனையும் எழுதியிருந்தால், அதற்கான ரத்தம் இன்னும் சீக்கிரம் கெட்டுவிடும். லேப் உள்ள இடத்திலேயே கொடுப்பது நல்லது.

சி4 மட்டும் எப்போதும் குறைவாக, மாறாமல் இருந்தால் அது பிறவி அமைப்பாக இருக்கலாம். சி3, சி4 இறங்கி, ஆன்டி டிஎஸ்டிஎன்ஏ (லூபஸில் ரத்தத்தில் காணப்படும் ஓர் ஆன்டிபாடி) ஏறி, யூரினில் ரத்த அணுக்களும் தெரிந்தால் லூபஸ் கிளம்புகிறது என்று சந்தேகிக்க வேண்டும். 20 வாரத்துக்குப் பின் பிரஷர் 140/90 தாண்டி, யூரின் புரதம்–கிரியாட்டினின் விகிதம் 0.3ஐ எட்டினால் பிரெக்ளாம்சியாவாகவும் (கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய்) இருக்கலாம். அதில் சி3, சி4 பொதுவாக இறங்குவதில்லை. இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பிரெக்ளாம்சியாவுக்குத் தீர்வு பிரசவம். லூபஸுக்கு ஸ்டீராய்டு போன்ற மருந்துகள். இரண்டும் சேர்ந்தும் வரும் என்பதால் ஒரே ஒரு எண்ணை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது.

லூபஸுக்கு எடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையைப் பயந்து நிறுத்தாதீர்கள். நிறுத்தினால்தான் நோய் கிளம்பும். குறைந்த அளவு ஆஸ்பிரினை டாக்டர் சொல்லும் அளவில் 12ஆம் வாரம் முதல், 16 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். லூபஸுக்கு மைக்கோபினோலேட், மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் கருத்தரிக்கும் முன்பே மருந்தை மாற்ற வேண்டும்.

பிரஷர் 160/110, விடாத தலைவலி, கண் மங்கல், வலது மேல்வயிற்று வலி, குழந்தை அசைவு குறைவு: இவற்றில் எது வந்தாலும் சி3 ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். நேரம் இருக்கும்போதே புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் போன்ற, மகப்பேறும் ருமட்டாலஜியும் (லூபஸ், மூட்டு நோய்களுக்கான பிரிவு) ஒரே வளாகத்தில் உள்ள மருத்துவமனையில் பதிவு செய்து வையுங்கள். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் கொண்டு போங்கள்.

பிரசவத்துக்குப் பின் சி3, சி4 பழைய அளவுக்கு இறங்குவது இயல்பு. ஆனால் லூபஸ் கிளம்புவதும் இந்த மாதங்களில்தான் அதிகம். ஆகவே அப்போது சி3யோடு யூரினையும் ஆன்டி டிஎஸ்டிஎன்ஏவையும் சேர்த்தே பாருங்கள்.