கடல் தாண்டும் விமானம்: தூரத்தையும் நேரத்தையும் நீங்களே கணக்கிடலாம்

விமான டிக்கெட் எடுத்துத் தரும் வேலை எனக்கு. லண்டனிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம், போய்ச்சேர எத்தனை மணி நேரம் என்று கேட்பவர்களுக்கு, விடையோடு கணக்கிடும் வழியையும் சொல்லிவிடுவேன். வழி தெரிந்தவர் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

முதலில், சுவரில் மாட்டிய உலகப் படத்தை நம்பாதீர்கள். தட்டையான தாளில் வடபகுதி அகன்று தெரியும். பூமி உருண்டை ஒன்றை எடுத்து, நூலின் நுனியை நியூயார்க்கில் அழுத்திப் பிடித்து, லண்டன் வரை விறைப்பாக இழுங்கள். நூல் வடக்கே ஏறி, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவைத் தொட்டு, அயர்லாந்து வழியாக லண்டனை அடையும். மிகக் குறுகிய பாதை அதுதான். அதே நீளத்தை விரல்களில் பிடித்தபடி நிலநடுக்கோட்டின் மேல் வைத்து, எத்தனை பாகை வருகிறது என்று எண்ணுங்கள். ஏறக்குறைய 50 வரும். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர், பெருக்கினால் 5,550. இரு நகரங்களின் பெரிய விமான நிலையங்களான ஹீத்ரோவுக்கும் கென்னடிக்கும் இடையே உண்மையில் சுமார் 5,540 கிலோமீட்டர். ஒரு நூல் இவ்வளவு துல்லியமாகச் சொல்வதைப் பார்க்க எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான்.

அடுத்து வேகம். ஜெட் விமானத்துக்கு மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று வீசுகிறது. ஆகவே லண்டன் நோக்கி வரும்போது 100 கூட்டுங்கள், நியூயார்க் நோக்கிப் போகும்போது 100 கழியுங்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் முக்கால் மணி நேரம் சேருங்கள். வரும்போது ஆறேகால் மணி நேரம், போகும்போது ஏழே முக்கால் என்று கிடைக்கும். காற்று நாளுக்கு நாள் மாறுவதால் அட்லாண்டிக்கின் வான்பாதைகளையே தினமும் புதிதாக வகுக்கிறார்கள். 2020 பிப்ரவரியில் புயல்காற்று பின்னிருந்து தள்ள, ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் லண்டன் சேர்ந்தது.

பலரும் தடுமாறுவது டிக்கெட்டில் உள்ள நேரத்தில்தான். அதில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊர் நேரப்படியே இருக்கும். லண்டனில் காலை 11 மணிக்குப் புறப்பட்டு நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்கு இறங்கினால், பயணம் 3 மணி நேரம் அல்ல, 8. இரண்டையும் ஒரே ஊர் நேரத்துக்கு மாற்றிய பிறகே கழியுங்கள். பசிபிக்கில் தேதிக்கோடும், அதாவது கடந்தால் தேதி மாறும் கற்பனைக் கோடும், குறுக்கிடும்: குளிர்காலத்தில் டோக்கியோவில் மாலை 5 மணிக்கு ஏறிப் பத்து மணி நேரம் பறந்தால், லாஸ் ஏஞ்சலிஸில் அதே நாள் காலை 10 மணிக்கு இறங்குவீர்கள்.

லண்டன், நியூயார்க் இடையே வழக்கமான வித்தியாசம் 5 மணி நேரம். ஆனால் அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்றும், பிரிட்டன் அம்மாதக் கடைசி ஞாயிறன்றும் கோடைகால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுகின்றன. இடைப்பட்ட நாட்களில் 4 மணி நேரம் என்று கணக்கிடுங்கள்.