குவாரி பக்கத்துப் போர் தண்ணீரில் ஃபுளோரைடு: எப்படிப் பார்ப்பது, என்ன செய்வது

கிருஷ்ணகிரி கிரானைட் குவாரி, சேலம் வெள்ளைக்கல் சுரங்கம், சங்ககிரி சுண்ணாம்புக்கல் சுரங்கம், நாமக்கல் கரூர் பக்கத்து ஜல்லி குவாரி, இதில் ஏதாவது ஒன்றுக்குப் பக்கத்தில் உங்கள் வீடோ தோட்டமோ இருந்து, குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணீர்தான் என்றால், முதல் வேலையாக அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று பாருங்கள். அளவுக்கு மேல் போனால் பல்லும் எலும்பும் கெடும். உப்புத்தண்ணீரை நாக்கு சொல்லிவிடும், ஃபுளோரைடைச் சொல்லாது. நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. ஃபில்டர் விற்க வருகிறவர் பேனா மாதிரி ஒரு மீட்டரை டம்ளரில் முக்கி, "டிடிஎஸ் 400தாங்க, நல்ல தண்ணி" என்பார். அந்த மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும். அந்த 400க்குள்ளேயே ஃபுளோரைடு லிட்டருக்கு 3 மில்லிகிராம் இருக்கலாம்.

குவாரிக்காரர்கள் இதைக் கொண்டுவந்து கொட்டவில்லை, நம் பாறையிலேயே இருக்கிறது. ஆனால் குழி ஆழமாகப் போகப் போக ஊறுகிற தண்ணீரை இறைத்து வெளியே விடுகிறார்கள், சுற்றிலும் கிணறுகள் வற்றுகின்றன, 60 அடிக் கிணற்றை விட்டுவிட்டு நாம் 800, 1000 அடிக்குப் போர் போடுகிறோம். ஆழத்துத் தண்ணீர் பாறையோடு நாள்பட்டுக் கிடந்தது. அதில் கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் கூடியிருந்தால் ஃபுளோரைடு இன்னும் தாராளமாகக் கரையும். அதனால் பழைய கிணற்றில் இல்லாதது புதுப் போரில் இருக்கலாம், பக்கத்துத் தோட்டத்தில் இல்லாதது உங்களிடம் இருக்கலாம். அடுத்தவர் ரிப்போர்ட்டை வைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

தண்ணீர் பிடிப்பது இப்படி. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் போதும், கண்ணாடி வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, டேங்கில் இருந்து எடுக்காமல் போர் குழாயிலேயே பிடியுங்கள். அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று தடவை அலசிவிட்டு நிரப்பி, ஊர், தேதி, போர் எத்தனை அடி என்று எழுதி ஒட்டி, மாவட்டத்தில் உள்ள தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஊர் பெண்களுக்குச் சோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சியும் தந்திருக்கிறார்கள், பஞ்சாயத்தில் கேட்டால் அவர்களே நிறத்தைப் பார்த்துச் சொல்வார்கள். அது தோராயக் கணக்குதான். கூடுதல் என்று வந்தால் ஆய்வகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரிப்போர்ட்டில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருந்தால் சரி. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டினால் குடிப்பதை நிறுத்துங்கள். காய்ச்சிக் குடிக்கலாமே என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள், காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகிக் குறையும், ஃபுளோரைடு அப்படியே கெட்டியாக நிற்கும்.

பலர் கோட்டை விடுவது சமையலில். குடிக்க மட்டும் கேன் வாங்கிவிட்டு, சோறு, பருப்பு, ரசம், டீ எல்லாம் போர் தண்ணீரில் நடக்கும். சோறு இழுத்துக்கொள்கிற தண்ணீர் வயிற்றுக்குத்தானே போகிறது? குழந்தைக்குப் பால் பவுடர் கலக்குவது இன்னும் கவனிக்க வேண்டியது, பவுடர் பாலில் பாதிக்கு மேல் நீங்கள் ஊற்றுகிற தண்ணீர்தான். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவப் போர் தண்ணீரே போதும், பயம் வேண்டாம்.

ஆக, ஆளுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் கிடைத்தால் குடிக்கவும் சமைக்கவும் ஓடிவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரோ மேட்டூர்த் தண்ணீரோ உங்கள் ஊர்க் குழாயில் வந்தால் அதுவே முதல் வழி. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒகேனக்கல் திட்டம் வந்ததே ஃபுளோரைடால்தான். வாரம் ஒருமுறை வந்தாலும் அதைச் சமையலுக்குத் தனியாகப் பிடித்து மூடி வையுங்கள். அடுத்தது மழைநீர், அதில் ஃபுளோரைடு சொற்பம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். மாடியைக் கூட்டி, முதல் மழையைக் கழித்துவிட்டு, ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியில் சேர்த்தால் பல வாரம் தாங்கும். குடிக்கும்போது மட்டும் காய்ச்சிக்கொள்ளுங்கள், இங்கே காய்ச்சுவது கிருமிக்காக.

தண்ணீரை மெல்லிய சவ்வு வழியே அழுத்தி வடிகட்டும் ஆர்ஓ மிஷின் ஃபுளோரைடைப் பெரும்பாலும் எடுத்துவிடும். ஆனால் ருசிக்காக உள்ளே ஒரு குட்டி வால்வைத் திருகி, வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடுகிறார்கள். அதை மூடச் சொல்லுங்கள், பிறகு ஆர்ஓ தண்ணீரையும் ஒருமுறை ஆய்வுக்குக் கொடுங்கள். கிருமியைக் கொல்லும் யுவி விளக்கு மட்டும் உள்ள மிஷினும் கேண்டில் ஃபில்டரும் இதற்கு உதவாது. படிகாரம் போட்டுப் பிரிக்கும் முறை உண்டு, அளவு தெரியாமல் வீட்டில் முயற்சிக்காதீர்கள்.

குழந்தைகளின் முன்பற்களில் குறுக்காக வெள்ளை, பழுப்புக் கோடுகள் இருபக்கமும் ஒரே மாதிரி இருந்து, தேய்த்தாலும் போகவில்லையென்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரியவர்களை முழங்கால் மடக்காமல் குனிந்து தரையைத் தொடச் சொல்லுங்கள், தாடையால் நெஞ்சைத் தொடச் சொல்லுங்கள், கைகளைப் பக்கவாட்டில் நீட்டி மடக்கிப் பிடரியைத் தொடச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் அது ஃபுளோரைடுதான் என்று அர்த்தமில்லை, ஆனால் வயசாகிவிட்டது என்று விடாமல், தண்ணீர் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ராகி, பால், தயிர், கீரை, நெல்லிக்காய் சாப்பாட்டில் இருக்கட்டும், கால்சியமானது, ஃபுளோரைடு உடம்பில் சேர்வதைக் குறைக்கும்.

ஆர்ஓ கழிவுத் தண்ணீரை மாட்டுத் தொட்டியில் மட்டும் விடாதீர்கள். ஃபுளோரைடு அதில்தான் கூடுதலாக இருக்கும், மாட்டுக்கும் பல்லும் எலும்பும் கெடும். கழிப்பறைக்குத் திருப்பிவிடுங்கள்.