ஏப்ரல் கடைசியில் பீரோவைப் பூட்டும் முன்

ஏப்ரல் கடைசி வாரத்தில் ஆரம்பப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் அறை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் விடைத்தாள் கட்டு, இன்னொரு பக்கம் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் மதிப்பெண் ஏற்றும் வேலை, நடுவில் "டீச்சர், டிசி எப்போ கிடைக்கும்?" என்று பெற்றோர். கடைசி வேலை நாளன்று மேஜையில் கிடப்பதை அள்ளி பீரோவுக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு பஸ் பிடிக்க ஓடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் ஓடினேன்.

பீரோவைவிட அவசரமானது நம் தலைக்குள் இருப்பது. கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு வருடத்துக்கு 200 வேலை நாள். அத்தனை நாள் கூடவே இருந்து ஒரு பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொண்டதை எங்கும் எழுதாமல் விடுப்புக்குப் போவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. மே மாத வெயிலில் பாதி மறந்துவிடும். ஜூனில் அந்த வகுப்பு வேறொருவர் கைக்குப் போகலாம், நமக்கே இடமாறுதல் வரலாம்.

ஒரு வகுப்புக்கு நான்கைந்து பக்கம், ஒரு பிள்ளைக்கு ஓரிரு வரி போதும். ஆனால் அந்த வரியில் "கணக்கு வராது", "சேட்டை" என்று எழுதினால் எழுதாமலே இருக்கலாம். அடுத்த ஆசிரியர் பிள்ளையைப் பார்க்கும் முன்பே முத்திரை குத்தியது போலாகும். "கூட்டல் நன்றாகச் செய்கிறாள், கடன் வாங்கிக் கழிக்கும்போது நடுவில் பூஜ்யம் வந்தால் தடுமாறுகிறாள்" என்று எழுதுங்கள். எங்கே தொடங்குவது என்று வருகிறவருக்கு முதல் வாரமே பிடிபடும். "கரும்பலகை எழுத்தைப் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறான், கண் பரிசோதனைக்குச் சொல்லியிருக்கிறேன்" என்பதும் அப்படித்தான். மதிப்பெண் பதிவேட்டில் இதற்கெல்லாம் இடமில்லை. வீட்டு விஷயங்களை மட்டும் தாளில் எழுதாதீர்கள், நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

பாடத்துக்கும் இதே கதைதான். பின்னத்துக்கு ஒரு வாரம் ஒதுக்கி மூன்று வாரம் இழுத்ததா? உங்கள் பாடநூல் பிரதியிலேயே ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். தனி நோட்டு போட்டால் அது எங்கே போனது என்று ஜூனில் தேடவேண்டி வரும்.

ஐந்தாம் வகுப்பை முடித்து வேறு பள்ளிக்குப் போகிறவர்கள் விஷயத்தில் இரண்டு இடத்தில் சறுக்குகிறோம். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூன்றையும் பெற்றோரை அருகில் உட்காரவைத்து ஆதாரோடு ஒப்பிடாமல் டிசி எழுதுவது ஒன்று. டிசியைக் கையில் கொடுத்துவிட்டு எமிஸில் பிள்ளையைக் காமன் பூலுக்கு, அதாவது பள்ளி மாறுகிறவர்களின் பொதுப் பட்டியலுக்கு, அனுப்ப மறப்பது இன்னொன்று. புதிய பள்ளியில் எமிஸில் சேர்க்க முடியாமல் ஜூனில் அந்த அப்பா நம்மைத் தேடிக்கொண்டு வருவார். ஒரு நாள் கூலி அவருக்குப் போச்சு.

எதைக் கழிப்பது? "எப்பவாவது தேவைப்படும்" என்று வைத்த பழைய வினாத்தாள் நகலில் வகைக்கு ஒன்று போதும். பதிவேடுகளில் மட்டும் நீங்களாக முடிவெடுக்காதீர்கள். சேர்க்கைப் பதிவேடு என்றைக்கும் இருக்க வேண்டியது. மற்றவற்றைத் தலைமையாசிரியரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

சார்ட்டுகளைச் சுருட்டித் தரையிலோ சுவரோரமோ வைப்பதும் தவறுதான். முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஒரு மூலையில் நிறுத்தி வைத்த சார்ட்டுக் கட்டைக் கோடை மழைக்குப் பிறகு போய்ப் பிரித்தேன். கரையான் மண்ணோடு என் உயிரெழுத்து வரிசையில் பாதி உதிர்ந்தது. இப்போது சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து உயரத்தில், தட்டையாக அடுக்கி நாலு அந்துருண்டை போட்டு வைக்கிறேன்.

அடுத்த வருடம் முழுவதற்கும் இப்போதே பாடக்குறிப்பு எழுதி முடிக்கிறேன் என்று சிலர் உட்காருவார்கள். எந்த வகுப்பு கிடைக்கும் என்றே தெரியாதபோது எதற்கு? திறக்கும் நாளுக்கும் முதல் வாரத்துக்கும் வேண்டியதை மட்டும் ஒரு பையில் போட்டு பீரோவின் மேல் தட்டில் வையுங்கள்.

அப்புறம், சாவி. அதில் ஒரு அட்டையைக் கட்டி எந்த பீரோ என்று எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். ஜூன் முதல் நாளே பூட்டை உடைக்க ஆள் தேடிய பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன்.