மனச்சோர்வு ஆய்வுக்கு ரத்தம் எடுக்கப் போகும் புதுப் பிள்ளைகளுக்கு

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களுக்கு மைக்ரோ ஆர்என்ஏ பாடமாகத் தெரியும். செல்லுக்குள் இருக்கும் குட்டி ஆர்என்ஏ, சுமார் 22 எழுத்து நீளம். தானே புரதம் ஆகாது; புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவின் வால் பகுதியில் ஒட்டிக்கொண்டு புரதம் உருவாவதை அடக்கும். 1993இல் ஒரு புழுவில் இதைக் கண்டுபிடித்த ஆம்ப்ரோஸுக்கும் ருவ்குனுக்கும் 2024இல் நோபல் கொடுத்தார்கள். இதையெல்லாம் கடகடவென்று ஒப்பிப்பார்கள். ரத்தம் பிடிக்கும் குழாயைக் கையில் கொடுத்ததும்தான் முழி பிதுங்கும்.

முதலில் மிர்-16 என்ற மைக்ரோ ஆர்என்ஏவின் கதையைக் கேளுங்கள். மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனினை நரம்பணுவுக்குள் திரும்ப இழுக்கும் கடத்திப் புரதத்தை மிர்-16 அடக்குகிறது, மனச்சோர்வு மருந்தான ஃப்ளூஆக்ஸிடின் கொடுத்த எலிகளின் மூளைத்தண்டில் மிர்-16 கூடுகிறது என்று 2010இல் பாரிஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். உடனே எல்லோருக்கும் ஆசை: நோயாளியின் ரத்தத்திலும் பார்த்துவிடலாமே! சிக்கல் என்னவென்றால், சிவப்பணுவுக்குள் மிர்-16 கொட்டிக் கிடக்கிறது. ஊசி குத்தும்போது கொஞ்சம் சிவப்பணு உடைந்தாலும் பிளாஸ்மாவில் மிர்-16 ஏறிவிடும். நீங்கள் அதை மனச்சோர்வின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். இன்னும் வேடிக்கை, இதே மிர்-16ஐத்தான் பல ஆய்வகங்கள் மற்றவற்றை ஒப்பிடும் அளவுகோலாக வைத்திருக்கின்றன.

அதனால் ஓபியில் அவசரப்படாதீர்கள். பதற்றத்தில் இருப்பவருக்கு ஊசி குத்த ரத்தநாளம் கிடைப்பது கஷ்டம். கையில் கட்டும் டூர்னிக்கே பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்காதீர்கள். சிரிஞ்சில் எடுத்தால் மெதுவாக இழுங்கள். குழாயில் விடும்போது ஊசி வழியாகப் பீய்ச்சாதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்க இடிடிஏ போட்ட குழாய் மட்டும். ஹெப்பாரின் குழாய் வேண்டவே வேண்டாம், அது பின்னால் ஆர்என்ஏவைப் பெருக்கி அளக்கும் பிசிஆரையே கெடுக்கும். குழாயைக் குலுக்காமல் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள்.

கூட வந்த அம்மா, "இந்த ரத்தத்துலயே என் பையனுக்கு என்னன்னு தெரிஞ்சிடுமா?" என்று கேட்பார். "இல்லம்மா, இது ஆராய்ச்சிக்கு மட்டும். டாக்டர் பேசிப் பார்த்துச் சொல்றதுதான்" என்று நேராகச் சொல்லுங்கள். மைக்ரோ ஆர்என்ஏவை அளந்து மனநோயை உறுதிசெய்யும் பரிசோதனை எந்த ஆஸ்பத்திரியிலும் நடைமுறைக்கு வரவில்லை. மழுப்பினால் அவர் ரிப்போர்ட்டுக்காக நடையாய் நடப்பார்.

மருந்துச் சீட்டை முழுசாக எழுதிக்கொள்ளுங்கள்: என்ன மாத்திரை, எப்போது தொடங்கினார், சித்த மருந்து உண்டா, சிகரெட் உண்டா. கனடாவின் மான்ட்ரியல் மக்கில் பல்கலைக்கழகக் குழு 2014இல் சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டவர்களைப் பார்த்தபோது, குணம் தெரிந்தவர்களின் ரத்தத்தில் மிர்-1202 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்என்ஏ மாறியிருந்தது. மாத்திரையே அளவை மாற்றுமென்றால், மாத்திரைத் தகவல் இல்லாத மாதிரியை வைத்து என்ன செய்வது? அதற்காக "ரெண்டு நாள் மாத்திரையை நிறுத்திட்டு வாங்க" என்று எவரிடமும் சொல்லிவிடாதீர்கள். அது நம் வேலையே இல்லை.

இரண்டு மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜ். எங்கள் முறை: 1,900 ஜியில் (புவியீர்ப்பைப் போல அத்தனை மடங்கு விசை) 10 நிமிடம், மேலே நிற்கும் பிளாஸ்மாவை வேறு குழாய்க்கு மாற்றி 16,000 ஜியில் இன்னொரு 10 நிமிடம். இரண்டாவது சுற்று தட்டணுக்களை இறக்க. அவற்றிலும் மைக்ரோ ஆர்என்ஏ ஏராளம். மாற்றும்போது வெள்ளணுப் படலத்துக்கு மேலே அரை சென்டிமீட்டரை விட்டுவிடுங்கள். கடைசிச் சொட்டு வரை உறிஞ்சும் சிக்கனம் இங்கே ஆகாது. சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 80இல் வையுங்கள்.

பிளாஸ்மா வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டும். ரோஸ்மில்க் சாயல் தெரிந்தால் போச்சு. ஆனால் லேசான சிவப்பணு உடைவு கண்ணுக்குத் தெரியாது. ஒளி உறிஞ்சுவதை அளக்கும் நானோடிராப் கருவியில் 414 நானோமீட்டரில் பாருங்கள், அளவு 0.2ஐத் தாண்டினால் சந்தேகம். பிசிஆர் ஓட்டியபின் மிர்-23ஏயின் சிடி மதிப்பிலிருந்து (எத்தனையாவது பிசிஆர் சுற்றில் தென்பட்டது என்ற எண்) மிர்-451ஏயின் மதிப்பைக் கழியுங்கள். மிர்-451ஏ சிவப்பணுச் சரக்கு. மிர்-23ஏ உடைவுக்கு அசையாது. வித்தியாசம் 7க்கு மேல் போனால் அந்த மாதிரியை ஒதுக்குங்கள்.

ஒதுக்கியதைக் காரணத்தோடு ரெஜிஸ்டரில் எழுதுங்கள். வாரக் கடைசியில் எண்ணிப் பாருங்கள்: நோயாளிகள் பக்கம் அதிகமாகவும் ஆரோக்கியமானவர்கள் பக்கம் குறைவாகவும் ஒதுக்கியிருந்தால், மிச்ச மாதிரிகளும் அதே கையால், அதே ஓபி நெரிசலில் எடுத்தவைதான்; அவற்றிலும் கொஞ்சம் சிவப்பணு உடைந்திருக்கலாம். மிர்-16 வரைபடத்தைப் போடுவதற்கு முன்னால் அந்த எண்ணிக்கையை கைடிடம் காட்டுங்கள்.