வெங்காயத்தைக் கெடுப்பது தண்ணீர்தான்: வேலூர்க்காரர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

வீட்டில் மண் நிரப்பிய பையில் வெங்காயம் போடுகிறவர்கள் விதை வாங்கும்போதே சறுக்கிவிடுகிறார்கள். ஆன்லைனில் வரும் வெளிநாட்டு விதைப் பாக்கெட்டின் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். வெங்காயம் காய் கட்டுவது பகலின் நீளத்தைப் பொறுத்தது. குளிர்நாட்டு ரகங்கள் பலவற்றுக்கு 14 மணி நேரப் பகல் வேண்டும். வேலூரில் ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடாது. தாள் மதமதவென்று வளரும், அடியில் ஒன்றும் இருக்காது.

முதல் தடவை என்றால் சின்ன வெங்காயமே போதும். சுமார் 70 நாளில் கைக்கு வந்துவிடும். பெரிய வெங்காயத்துக்கு நாற்று விட்டு, பிடுங்கி நட்டு, நாலரை மாதம் காத்திருக்க வேண்டும். சின்ன வெங்காயத்தையே விதையாக ஊன்றலாம், ஆனால் புது வெங்காயம் வேண்டாம். அறுவடையாகி இரண்டு மாதமாவது காற்றாடக் கிடந்ததுதான் சீராக முளைக்கும். பத்து செ.மீ. இடைவெளியில், நுனி வெளியே தெரியும்படி ஊன்றுங்கள். ஆழமாகப் புதைத்தால் அழுகத்தான் செய்யும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். நம்மூர் வெயிலில் மேல்மண் மதியத்துக்குள் காய்ந்து வெளுத்துவிடும். பார்த்ததும் மனசு கேட்காமல் மறுபடி ஊற்றுவோம். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். மண் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் தேவையில்லை. தாள் மஞ்சளானாலும் வாடுகிறது என்று அவசரப்பட வேண்டாம். ஒரு செடியைப் பிடுங்கி, வேர் கிளம்பும் இடத்தை அழுத்துங்கள். பழுப்பாகி, கொழகொழவென்று நாற்றம் வந்தால் அது அழுகல். இன்னும் ஊற்றினால் பக்கத்துச் செடியும் போகும்.

என்ன தண்ணீர் என்பதும் முக்கியம். வெங்காயம் உப்பைத் தாங்காத பயிர். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைக் கெடுத்த கதை, 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது ஊரறிந்ததே. கழிவு சேராத இடங்களிலும் போர் தண்ணீர் உப்பாக இருக்கலாம். பையின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்து, தாளின் நுனி கருகினால் உப்பைச் சந்தேகப்படுங்கள். உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மண்ணிலேயே தங்கிவிடும். சேமித்த மழைநீரை, அடி ஓட்டை வழியாக வடியும் அளவுக்கு எப்போதாவது ஒருமுறை ஊற்றுங்கள்.

ஐப்பசி அடைமழையில் நடுவது இன்னொரு வம்பு. தாள் முறுக்கிக்கொள்ளும் திருகல் நோய்க்கு அந்த ஈரம் கொண்டாட்டம். கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்ததும் நடுவதே என் கட்சி. பங்குனி வெயிலுக்கு முன்பே எடுத்துவிடலாம்.

அப்புறம், பொரியலுக்கு என்று தாளைக் கிள்ளாதீர்கள். ஒவ்வொரு தாளின் அடியும்தான் வெங்காயத்தின் ஒவ்வொரு அடுக்காகிறது. தாள் வேண்டுமானால் தனிப் பையில் நடுங்கள். காய் பருக்கும் நேரத்தில் யூரியா போடுவதும் கூடாது. தாளும் காயும் சேரும் கழுத்து தடித்து, காய் சீக்கிரம் அழுகும்.

பாதிக்கு மேல் தாள் தானாகச் சாய்ந்தால் அறுவடை நெருங்கிவிட்டது. நாமே மிதித்துச் சாய்க்கக் கூடாது. எடுப்பதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். பிடுங்கியதை மொட்டை மாடி வெயிலில் பரப்பினால் வெந்துபோகும். நிழலில் தாளோடு காயவிட்டு, கழுத்து சருகானதும் இரண்டு செ.மீ. விட்டு நறுக்கி, வலைப்பையில் தொங்கவிடுங்கள்.