வண்டில் சவாரி பார்க்கப் போகிறவர்களுக்கு

கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் மாட்டு வண்டில் சவாரிக்குக் கூட்டாளிகளோடு போகிறீர்களா? முதலில் நிற்கிற இடத்தைப் பாருங்கள். முடிவுக் கோட்டடியில்தான் எல்லாரும் முண்டியடிப்பார்கள், ஆபத்தும் அங்கேதான். கோட்டைத் தாண்டியதும் மாடுகள் உடனே நிற்காது. சோடியில் ஒன்று விலகி இழுத்தால் வண்டில் அப்படியே சனத்துக்குள் வரும். கோட்டுக்கு முப்பது நாற்பது மீற்றர் முன்னால், கயிற்றுக்கு வெளியே, பக்கவாட்டில் நில்லுங்கள். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் திடலின் தென்மேற்குக் கரைதான் வசதி, புழுதி மறுபக்கம் போய்விடும். மாடு வரும்போது குடையை விரிக்க வேண்டாம். சிவப்புக்கு மாடு வெருளும் என்பது வெறும் கதை. திடீர் அசைவுக்குத்தான் வெருளும்.

சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் காணும். தேங்காய்ப்பால் விட்ட கறி அந்த வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், அதோடு ஒரு போத்தல் மோர்: உப்பு, நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. மோட்டார் சைக்கிளை நிழலில் விடுவதென்றால் மாடு கட்டாத மரமாகப் பாருங்கள்.