வாடகைக்கு விட ஊர்ல முதல் வீடு: காரைக்குடியா, தேவகோட்டையா?

சிங்கப்பூர் வந்து மூணாவது சம்பளம் கைக்கு வர்றதுக்குள்ள ஊர்லருந்து போன் வந்துரும், "மாப்ள, தேவகோட்டையில ஒரு வீடு சல்லிசா வருது, வாங்கிப் போட்டா மாசாமாசம் வாடகை வரும்ல"ன்னு. எனக்கும் வந்துச்சு, நானும் வாங்குனேன். பட்டதை வச்சு சொல்றேன், முதல்ல விலையைப் பாக்காதீங்க, அந்த ஊர்ல யார் குடி வருவாங்கன்னு பாருங்க.

அம்மா இருக்கறது காரைக்குடியில, தேவகோட்டை 18 கிலோமீட்டர் சொச்சம்தான, அடிக்கடி பஸ் இருக்கு, அம்மா பாத்துக்குவாங்கன்னு நெனச்சேன். முதல்ல வந்தவர் பேங்க் ஆபீசர், தங்கமான மனுசன், எட்டே மாசத்துல டிரான்ஸ்பர். அப்புறம் அஞ்சு மாசம் வீடு பூட்டியே கெடந்துச்சு. ஒருநா ஜூரோங்ல மத்தியான சாப்பாட்டு நேரத்துல அம்மா வீடியோ கால் போட்டு கேட்டைக் காட்டுறாங்க, 'வீடு வாடகைக்கு'ன்னு மாட்டுன அட்டை வெயில்ல வெளுத்து, போன் நம்பர்ல கடைசி ரெண்டு நம்பரையே காணோம். "அதான்டா ஒருத்தரும் கூப்பிடல"ன்னு சிரிக்கிறாங்க, எனக்கு சோறு எறங்கல.

தேவகோட்டையைக் குறை சொல்லல, நல்ல ஊரு, ஆனா வாடகைக்கு வீடு தேடி வர்ற ஆளு கம்மி. காரைக்குடியில அழகப்பா யுனிவர்சிட்டி இருக்கு, இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு, 1948-ல நேரு அடிக்கல் போட்ட செக்ரிங்கற மத்திய அரசு மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கு, சென்னைக்குப் போற பல்லவன் ரயிலே அங்கருந்துதான் கெளம்புது, ஒரு குடும்பம் காலி பண்ணா அடுத்தது வந்துரும். காலேஜ் பக்கம் ரெண்டு பெட்ரூம் வீடு, மாடி போர்ஷனா இருந்தாலும் சரி, தேவகோட்டை பெரிய வீட்டை விட மேல். புதுக்கோட்டை மாவட்டத் தலைநகர், மெடிக்கல் காலேஜும் இருக்கு, ஆள் கெடைக்கும், ஆனா காரைக்குடியிலருந்து 40 கிலோமீட்டர், அங்கேயே சொந்தம் இருந்தா மட்டும் யோசிங்க. மோட்டார் காயில் போச்சுன்னா அன்னிக்கே போய் நிக்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்.

அப்புறம் பழைய செட்டிநாட்டு வீட்டுல ஒரு பங்கு வருதுன்னு யாராச்சும் ஆசை காட்டுனா ஓடிருங்க. முகப்புத் தூணைப் பாத்து மயங்காதீங்க, பங்காளி ஒருத்தர் மலேசியால, ஒருத்தர் சென்னையில, ஓடு மாத்தக்கூட எல்லாருக்கும் சம்மதம் வேணும்.

கணக்கையும் போட்டுக்கங்க. 50 லட்சம் வீடு, 12,000 வாடகைன்னு வச்சுக்கிட்டா வருசத்துக்கு 1.44 லட்சம், மூணு சதவீதம்கூட இல்ல, இதுல பத்திரச் செலவு முத்திரைத்தாள் 7, பதிவு 2ன்னு 9 சதவீதம் முன்னாடியே போயிரும். வாடகையை மட்டும் நம்பி லோன் போட்டா கையைக் கடிக்கும்.

நாம வெளிநாட்டுல இருக்கறதால இன்னும் சிலது இருக்கு. வாடகை என்ஆர்ஓ அக்கவுண்ட்ல, அதாவது வெளிநாட்டுல இருக்கறவங்க ஊர் வருமானத்துக்கு வச்சிக்கிற பேங்க் கணக்குல, வரணும், குடியிருக்கவரே 30 சதவீதம், செஸ்ங்கற கூடுதல் வரி சேத்து 31.2, வரி பிடிச்சு கட்டணும், இதைச் சொன்னா பாதிப் பேர் வீடே வேணாம்னு போயிருவாங்க. அதனால பலபேர் அம்மாவுக்குப் பணத்தைக் குடுத்து அவங்க பேர்லயே வாங்குறாங்க, தப்பில்ல, ஆனா உயில் எழுதாம விட்டா பின்னாடி தங்கச்சி தம்பி எல்லாருக்கும் பங்கு உண்டு, மனஸ்தாபம் வர்றது அங்கதான். விவசாய நிலம் நம்ம பேர்ல வாங்கவே முடியாது, "பின்னாடி பிளாட் போட்டுக்கலாம்"னு சொல்ற புரோக்கர் பேச்சைக் கேக்காதீங்க. வில்லங்கம், பட்டா ரெண்டையும் நீங்களே ஆன்லைன்ல பாத்துருங்க. தமிழ்நாட்டோட 2017 வாடகைச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், சொந்தக்காரன்னாலும் எழுதுங்க, சொந்தக்காரன்னா கண்டிப்பா எழுதுங்க.

என் வீட்டுல இப்ப ஒரு டீச்சர் குடும்பம் இருக்கு, 5-ந்தேதி டாண்ணு வாடகை வந்துருது. அந்த வெளுத்த அட்டையை மட்டும் அம்மா தூக்கிப் போடல, பரண்ல வச்சிருக்காங்க.